பதினேழாம் சுருள்

பள்ளத்தூர்ப் பள்ளிக்கூடத்து மிஷினை
மூன்று சாவி போட்டுத் திறக்கிறேன்.
"உள்ள ஆள் இருக்காங்களா அக்கா?"
ஆறாம் வகுப்பு முதலில் கேட்பது எப்போதும் இதுதான்.
இருக்காங்க. நான்தான்.
செவ்வாயும் வெள்ளியும் மட்டும்.

"பத்து ரூபாய்க் காசு வாங்குமா?"
வாங்கும்.
புதுவயல் பஸ்ஸில் கண்டக்டர் முகம் சுளிக்கிற காசு,
காரைக்குடி பழைய பஸ் நிலையத்துப் பெட்டிக்கடை
"செல்லாதும்மா" என்று தள்ளிவிடுகிற காசு,
மறுபேச்சில்லாமல் இதன் வயிற்றில் இறங்கும்.
வதந்தியை நம்பாத ஒரே ஜீவன் இந்த வட்டாரத்தில்.
காது கிடையாது அதற்கு.

"நோட்டை ஏன் துப்புது?"
ஜாமெட்ரி பெட்டிக்குள் எட்டாய் மடித்து வைத்தால்
யார்தான் துப்ப மாட்டார்கள்?
பாவாடையில் வைத்துத் தேய்த்துக் கொடு.

"மணி அடிச்சாத்தான் ஏன் எரியுது?"
அதை உமையாள் டீச்சரிடம் கேள்.
இடைவேளை பத்து நிமிடம், மதியம் நாற்பது,
மற்ற நேரம் குருடாக நிற்கும்.
கலர் வேண்டாம், சிப்ஸ் வேண்டாம் என்று
ஜூன் மாதம் ஒரு கடிதம் எழுதினார்.
மோர் வந்தது, எள்ளுருண்டை வந்தது,
ஒரு நாளைக்கு நூற்றைம்பது விற்றது
நாற்பத்து மூன்றுக்கு வந்தது.
"ஏன் குறைஞ்சது?" இது திருச்சி ஆபீஸின் கேள்வி,
வாரம் தவறாமல், போனில்.
பிள்ளைகளிடம் சொல்வதுபோல் அவர்களிடம்
பாதி உண்மை சொல்லித் தப்ப முடிவதில்லை.

"கரண்டு போனா மோர் புளிக்காதா?"
சூடு ஏறினால் அந்த வரிசையை அதுவே பூட்டிக்கொள்ளும்.
பூட்டியதை எல்லாம் நான் வாய்க்காலில் ஊற்றுவேன்.
இதைக் கேட்டவளுக்குச் சொல்லவில்லை.

கானாடுகாத்தான் ஓட்டலில் கேள்வி வேறு மாதிரி.
"மிஷின் இருக்கணும், ஆனா தெரியக் கூடாது,
முடியுமா?" என்கிறார் மேனேஜர்.
தேக்குக் கதவுக்குப் பின்னால்
வெள்ளைக்காரர்கள் அதன் குளிர் சத்தத்தைக்
காதால் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள்.

பள்ளத்தூரில் ஒரு நோட்டு தொங்குகிறது, சணல் கயிற்றில்.
பெயர், வகுப்பு, எண், என்ன ஆச்சு.
போன வெள்ளிக்கிழமை அதில் படித்தேன்:

*ஜெர்லின், எட்டு பி. பதினேழு. கடலை மிட்டாய்.
காசு போச்சு. மிட்டாய் கண்ணாடி ஓரத்துல தொங்குது.
தட்டினேன், விழலை.*

அதன் கீழே பச்சை மையில்:
*நான் போட்டேன், ரெண்டு விழுந்துச்சு. ஒன்னு உன்னோடதா?*
*ஆமா.*
*தின்னுட்டேன்.*

அவ்வளவுதான். பெயர் இல்லை. வகுப்பு இல்லை.

காசுப் பெட்டியைக் கொட்டி எண்ணினேன்.
பதினேழில் இரண்டு மிட்டாய் போயிருக்கிறது,
இரண்டு காசு வந்திருக்கிறது.
குறை இருந்தால்தான் திருப்பித் தரலாம்,
இது கம்பெனி விதி. குறை இல்லை.
மிஷின் யாருக்கும் கடன்பட்டிருக்கவில்லை,
நானும், திருச்சியும்.
ஜெர்லின் பசித்தது மட்டும்
எந்தக் கட்டத்திலும் ஏறவில்லை.

என் பையிலிருந்து பத்து ரூபாய் எடுத்தேன்.
பிறகு உள்ளே வைத்துக்கொண்டேன்.
பச்சை மைக்காரி என்ன செய்கிறாள்
என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது;
அது கருமித்தனமாகவும் இருக்கலாம்.

சுருளின் நுனியை ஒரு நெம்பு நெம்பினால் போதும்,
இனிமேல் தொங்காது. நெம்பினேன்.

இன்றைக்குச் செவ்வாய். நோட்டில்
*இன்னும் தரலை* என்று பென்சிலில், சின்னதாக.
அடுத்த வரியில் பச்சை:
*நாளைக்கு. எங்கம்மா மேல சத்தியமா.
மோர் வேணுமா, மிட்டாயா?*

பதிலுக்கு ஒரு வரி காலியாக விட்டிருந்தாள்.
முதல் மணி அடித்தது, விளக்கு எரிந்தது,
எனக்குப் பின்னால் வரிசை தள்ளுமுள்ளு.
"அக்கா, நகருங்க."
நகர்ந்தேன். வண்டியில் மோர் சூடாகிக்கொண்டிருந்தது,
கானாடுகாத்தானுக்கு இன்னும் போகவில்லை.